மலைத்தோட்டத்துக்கு மினி டிராக்டர்: ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்குங்கள்

"எத்தனை ஹெச்.பி. வாங்கலாம்?" மலையில் புதிதாக நிலம் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். ஷோரூமிலும் பேச்சு இங்கிருந்துதான் தொடங்கும். சமவெளியில் அது சரியான கேள்வி. மலையில் அதைக் கடைசியாகக் கேட்க வேண்டும். சரிவு எவ்வளவு, வழியின் அகலம் எவ்வளவு, வண்டி எத்தனை கிலோ, எத்தனை சக்கரம் இழுக்கிறது என்று வரிசையாகப் பார்த்து முடித்தால் ஹெச்.பி. தானாகவே தெரிந்துவிடும்.

நான் இருப்பது கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி பக்கம். ஆறு ஏக்கர். காபி, மிளகு, கொஞ்சம் வாழை, சவ்சவ் பந்தல், ஒரு ஓரத்தில் பட்டர் ஃப்ரூட். இங்கே பட்டு அறிந்ததைத்தான் எழுதுகிறேன். ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ நிலம் இருந்தாலும் கணக்கு இதேதான்.

முதல் வேலை: சரிவை அளப்பது

கண்ணால் பார்த்துச் சொல்லும் சரிவை நம்பாதீர்கள். கீழே நின்று பார்த்தால் ஒரு மாதிரியும் மேலே நின்று பார்த்தால் வேறு மாதிரியும் தெரியும். பத்தடி நீளத்தில் நேரான கம்பு ஒன்று, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று, ஒரு டேப். இவ்வளவு போதும். கம்பின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வையுங்கள். மறுமுனையைத் தூக்கி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்படி பிடியுங்கள். அந்த முனையிலிருந்து நேர் கீழே தரை வரை டேப் வைத்து அளங்கள்.

1 அடி 9 அங்குலம் வந்தால் சரிவு 10 டிகிரி. 2 அடி 8 அங்குலம் என்றால் 15 டிகிரி. 3 அடி 8 அங்குலம் என்றால் 20 டிகிரி. சிலர் சதவீதத்தில் சொல்வார்கள். 15 டிகிரியும் 27 சதவீதமும் ஒன்றுதான். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கே தப்பிவிடும். கேட்கும்போது எதில் சொல்கிறார்கள் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். போனில் உள்ள சாய்வுமானியும் பயன்படும். ஆனால் அதைத் தரையில் நேரடியாக வைக்காமல், சரிவோடு படுத்திருக்கும் ஒரு நீளப் பலகையின் மேல் வைத்துப் பாருங்கள்.

நிலம் முழுவதையும் அளக்கத் தேவையில்லை. வண்டி போக வேண்டிய இடங்களை மட்டும் அளந்தால் போதும்: கேட்டிலிருந்து ஷெட் வரை, ஷெட்டிலிருந்து ஒவ்வொரு தட்டுக்கும் (சரிவில் படிபோல வெட்டிய நிலம்), எரு கொட்டும் இடத்துக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு. ஒரு தாளில் வரைந்து ஒவ்வொரு துண்டுக்கும் சரிவை எழுதுங்கள். அதில் இருக்கும் மிக மோசமான எண்தான் உங்கள் வண்டியைத் தீர்மானிக்கும். சராசரியை எடுத்துப் பிரயோசனமில்லை.

என் அளவுகோல் இது. 10 டிகிரிக்குள் என்றால் கவனமாக ஓட்டும் எவரும் மினி டிராக்டரில் வேலை செய்யலாம். 10 முதல் 15 வரை நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான், அதுவும் நேர் ஏற்றமாகவும் நேர் இறக்கமாகவும் மட்டும். 15-ஐத் தாண்டினால் போட்ட பாதையில் மட்டும், மண் காய்ந்திருக்கும்போது மட்டும், பழகிய கை மட்டும். 20-ஐத் தாண்டிய இடத்தில் உட்கார்ந்து ஓட்டும் எந்த வண்டிக்கும் வேலை கிடையாது. அங்கே பிரஷ் கட்டரும் (கையில் பிடித்துப் புல், புதர் வெட்டும் இயந்திரம்) ஆளும்தான். அந்த இடத்தை உழவும் கூடாது. உழுதால் ஐப்பசி மழையில் மேல்மண் பக்கத்துக்காரர் ஓடைக்குப் போய்விடும்.

வண்டிக்கு என்ன வேலை?

இங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள். அரபிகா காபியை ஆறடிக்கு ஆறடி வைத்திருப்போம். செடி வளர்ந்து கிளை விரித்த பிறகு நடுவே ஆள் போவதற்கே இடம் இருக்காது. ஒரு மீட்டர் அகல வண்டி எங்கே போகும்? ஆக, காபிக்குள் டிராக்டருக்கு வேலை இல்லை. வண்டி செய்யப்போவது எருவும் பழமும் ஏற்றி இறக்குவது, திறந்த தட்டுகளில் உழவு, பாதையோரப் புல் வெட்டுவது, மருந்து அடிப்பது. பெரும்பாலான மலைத்தோட்டங்களில் பாதிக்கு மேல் வேலை பாரம் சுமப்பதுதான். உழவை மனதில் வைத்து வண்டி வாங்கிவிட்டு, வருடம் முழுக்க மூட்டை ஏற்றிக்கொண்டிருப்போம்.

அப்புறம் அகலம். உங்கள் பாதையில் மிகக் குறுகலான இடத்தையும், மிக நெருக்கமான வளைவையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மண் சரியாமல் தாங்கும் கல்கட்டின் விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளித்தான் சக்கரம் போக வேண்டும். மழையில் நனைந்த கல்கட்டு வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே மண் இளகியிருக்கும். மினி டிராக்டர்கள் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம் கொண்டவை. பாதை ஏழு அடிக்குக் குறைவாக இருந்தால் வண்டியை மறந்துவிட்டு முதலில் பாதையைச் சரிசெய்யுங்கள். பாதை வெட்ட ஜே.சி.பி. கூப்பிடும் முன் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்: ஹாக்கா என்று எல்லோரும் சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமங்களில் மண் வெட்ட அனுமதி வேண்டும்.

எடையும் பிடிமானமும்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

800 கிலோ டிராக்டர் ஒன்று 15 டிகிரி மேட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் எடையில் கால் பங்குக்குச் சற்று மேல், அதாவது 205 கிலோ அளவுக்கு, அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். டிராக்டர் மேலே போக முதலில் இந்த 205 கிலோவை வெல்ல வேண்டும். மிச்சம் உள்ள இழுவைதான் டிரெய்லருக்கு.

மிச்சம் எவ்வளவு? ஓரளவு இறுகிய மண்ணில், இழுக்கும் சக்கரங்களின் மேல் இருக்கும் எடையில் ஏறத்தாழ பாதி அளவுக்குத்தான் டயர் பிடிக்கும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில், மேடு ஏறும்போது பின்னால் விழும் எடை மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 530 கிலோ. அதில் பாதி 265. தன்னையே தூக்கிக்கொள்ள 205 போனால் கையில் நிற்பது 60 கிலோ. ஒரு டன் டிரெய்லரை அந்த மேட்டில் மண் பாதையில் இழுக்க, சக்கரம் மண்ணில் உருளும் தடையையும் சேர்த்து, 330 கிலோ வேண்டும். 60 கிலோவை வைத்துக்கொண்டு இருநூறு கிலோகூட இழுக்க முடியாது. காலி டிரெய்லரே அதைவிடக் கனமாக இருக்கும்.

அதே 800 கிலோ வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கிறது. 800-இல் பாதி 400. அதில் 205 போனால் 195. டிரெய்லரின் எடையையும் சேர்த்து 600 கிலோ வரை ஏற்றலாம். எஞ்சின் அதே, ஹெச்.பி. அதே. முன் அச்சுக்கும் இழுவை கொடுத்ததால் மட்டும் மூன்று மடங்கு.

இந்த வேலைக்கு எஞ்சின் எவ்வளவு வேண்டும் தெரியுமா? டிராக்டரும் ஒரு டன் பாரமும் சேர்ந்து நடக்கும் வேகத்தில் 15 டிகிரி ஏறப் பத்து ஹெச்.பி.க்குள் போதும். 15 ஹெச்.பி. வண்டியிலேயே அது இருக்கிறது. டயர் சுற்றும், புகை வரும், வண்டி நகராது. அதைப் பார்த்து "பவர் பத்தவில்லை" என்று பெரிய எஞ்சின் வாங்குகிறார்கள். பத்தாமல் போனது பிடிமானம்.

மழை பெய்து மண் சகதியானால் 'பாதி' என்ற அந்தக் கணக்கு இன்னும் இறங்கிவிடும். மேலே சொன்ன எண்கள் காய்ந்த மண்ணுக்கு மட்டும் என்பதை மறக்காதீர்கள்.

எடை கூட்ட வழி உண்டு. பின் டயரில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பலாம். இது மலைக்கு நல்ல முறை, ஏனென்றால் எடை தரையை ஒட்டி உட்காருகிறது, வண்டியின் கனத்தின் மையம் கீழே இறங்குகிறது. சக்கரத்தில் மாட்டும் இரும்பு வெயிட்டும் இருக்கிறது. பின்னால் கனமான கருவி மாட்டினால் முன்பக்கம் வெயிட் கட்டாயம். மேட்டில் ஸ்டியரிங் லேசாகிவிட்டால் முன்சக்கரம் தரையை விடப் பார்க்கிறது என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள்.

ஃபோர் வீல் டிரைவ்: ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்கத்தான்

நான் முதலில் வாங்கியது பழைய வண்டி, பின்சக்கரம் மட்டும் இழுப்பது. விற்றவர் மலைக்குத் தாராளமாகப் போதும் என்றார். ஒரு கார்த்திகை மாதம், இரண்டு நாள் தூறலுக்குப் பிறகு, எரு ஏற்றிய டிரெய்லரோடு ஷெட்டிலிருந்து கீழே வாழைத் தட்டுக்கு இறங்கினேன். பாதி வழியில் வேகம் கூடுவது போலிருந்தது. பிரேக்கோடு கிளட்சையும் மிதித்தேன். அதுதான் தவறு. பின் டயர் இரண்டும் சுற்றாமல் நின்றுவிட்டன. வண்டி மட்டும் நிற்கவில்லை, செருப்பில்லாத கால் பாசிப் பாறையில் வழுக்குவது போல அப்படியே போனது. பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளியது. பாதையோரத்து சில்வர் ஓக் ஒன்றில் முன்பக்கம் மோதி நின்றது. அந்த மரத்துக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு அடி இறக்கம்.

அன்று சாயங்காலம் வண்டியை மீட்க வந்த எங்கள் ஊர் டிரைவர் அண்ணன் சொன்னார்: "தம்பி, இறக்கத்தில் கிளட்சை மிதித்தால் வண்டியைக் கையை விட்ட மாதிரி. எஞ்சின்தான் பிடித்து நிறுத்துகிறது. அதை ஏன் கழற்றிவிடுகிறீர்கள்?"

அதன் பிறகுதான் விஷயத்தைப் படித்துப் புரிந்துகொண்டேன். பல சிறிய டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். இறங்கும்போது எடை முன்னால் போய்விடும், பின் டயர் லேசாகிவிடும். பிரேக் இருக்கும் சக்கரத்தில் பிடிமானம் இல்லை. பிடிமானம் இருக்கும் சக்கரத்தில் பிரேக் இல்லை. ஃபோர் வீல் லிவரைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் இணைந்துவிடுவதால் எஞ்சினின் பிடியும் பிரேக்கின் பிடியும் முன்சக்கரத்துக்கும் போய்ச் சேருகிறது. இறங்கத் தொடங்கும் முன்பே லிவரைப் போட்டு, லோ கியரில் வைத்து, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். நடுவழியில் கியர் மாற்றக் கூடாது. இடது வலது பிரேக் பெடல்கள் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் பிடித்தால் வண்டி திரும்பிவிடும்.

ஆகவே பட்ஜெட் இடித்தால் ஹெச்.பி.யைக் குறையுங்கள், ஃபோர் வீலைக் குறைக்காதீர்கள். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் பாரத்தோடு அதன் மொத்த எடை டிராக்டரின் எடையைத் தாண்டக் கூடாது. சரிவு கூடக்கூட அதிலும் குறைக்க வேண்டும்.

குடை சாயாமல் இருக்க

பக்கவாட்டில் சாய்வதற்கு ஒரு எளிய கணக்கு. சக்கர இடைவெளி 90 சென்டிமீட்டர், வண்டியின் கனத்தின் மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் என்றால், 37 டிகிரியில் கவிழும். பின் ரிம்மைத் திருப்பி மாட்டி இடைவெளியை 110 ஆக்கினால் 42 டிகிரிக்கு மேல் போகும். நிறைய வண்டிகளில் இப்படி மாற்றலாம். வாங்கும்போது கேளுங்கள், பாதை அனுமதிக்கும் அளவுக்கு அகலமாக வையுங்கள்.

37 என்று கேட்டதும் தைரியம் வந்துவிட வேண்டாம். அது அசையாமல் நிற்கும் வண்டிக்கான எண். மேட்டுப் பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறி, பள்ளப் பக்கச் சக்கரம் ஒரு பன்றி தோண்டிய குழியில் இறங்கினால் அந்த இடத்திலேயே பத்துப் பதினைந்து டிகிரி கூடிவிடும். பாதி நிரம்பிய மருந்துத் தொட்டி இன்னும் மோசம், தண்ணீர் எல்லாம் பள்ளப் பக்கம் ஓடிப்போய்ச் சேரும். அதனால்தான் பக்கவாட்டில் 10 டிகிரிக்கு மேல் நான் போவதில்லை.

பின்பக்கமாகக் கவிழ்வது இன்னும் கொடியது. மேட்டில் பாரம் இழுக்கும்போது கிளட்சைச் சட்டென்று விட்டால் வண்டி முன்காலைத் தூக்கும். தப்பிக்க முடியாத நிலைக்குப் போக ஒரு விநாடிகூட ஆகாது, முக்கால் விநாடி போதும். இழுக்கும் கயிற்றையோ சங்கிலியையோ பின் அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். கருவியின் மேல்பக்கத்தைப் பிடிக்கும் டாப் லிங்க் மாட்டும் இடத்தில் ஒருபோதும் வேண்டாம். பாரம் இல்லாமல் மிகச் செங்குத்தான இடத்தில் ஏற வேண்டியிருந்தால் ரிவர்ஸில் ஏறுங்கள்.

சீட்டுக்குப் பின்னால் நிற்கும் வளைவுக் கம்பி, ரோல் பார் என்பது, அதோடு சீட் பெல்ட். இவை இரண்டும் இல்லாத வண்டியை மலைக்கு வாங்காதீர்கள். இதில் நான் யாரோடும் சமரசம் பேசமாட்டேன். கூட வராவிட்டால் சேர்த்துத் தரச் சொல்லி, கம்பெனி அனுமதித்த கம்பியாக வாங்குங்கள். பக்கத்துப் பட்டறையில் பைப்பை வளைத்து வெல்டு வைத்தது தாங்காது. எங்களைப் போல சவ்சவ் பந்தல் உள்ளவர்கள் மடக்கும் கம்பி வாங்க வேண்டும். பந்தல் ஆறடிதான் இருக்கும், நிமிர்த்தி வைத்துப் போனால் பந்தல் கம்பி அறுந்துவிடும். மடக்கி இருக்கும்போது பெல்ட் போடக் கூடாது. பந்தலை விட்டு வெளியே வந்ததும் கம்பியை நிமிர்த்தி, பெல்ட்டைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த கியர்.

சரி, இப்போது ஹெச்.பி.

விளம்பரத்தில் இருப்பது எஞ்சின் ஹெச்.பி. ரோட்டாவேட்டரையும் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) ஸ்பிரேயரையும் சுற்றுவது பி.டி.ஓ. ஹெச்.பி., அதாவது வண்டியின் பின்னால் சுழலும் தண்டில் கிடைக்கும் சக்தி, அது எப்போதும் இரண்டு மூன்று குறைவு. அடுத்து உயரம். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் பாகம்) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கும், காற்று மெலிவதால். 1,500 மீட்டரில், அதாவது ஏற்காட்டு உயரத்தில், 24 ஹெச்.பி. எஞ்சின் 20-ஐச் சற்றுத் தாண்டித்தான் தரும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் இன்னும் குறையும்.

அதனால் ஷோரூமில் 24 ஹெச்.பி.க்கு நான்கடி ரோட்டாவேட்டர் என்பார்கள். மேலே வந்தால் மூன்றரை அடிதான் சுகமாக ஓடும். அந்த மூன்றரை அடி ஒரு மீட்டர் வண்டியின் சக்கரத் தடத்தையும் மூடிவிடும் என்பதால் குறையொன்றுமில்லை.

மூன்று முதல் பத்து ஏக்கர் வரையிலான மலைத்தோட்டத்துக்கு ஃபோர் வீல் டிரைவோடு 22 முதல் 28 ஹெச்.பி. வரை என்பது என் முடிவு. மஹிந்திரா ஜீவோ 245 (24 ஹெச்.பி.), குபோட்டா நியோஸ்டார் பி2441 (24), பி2741 (27), வி.எஸ்.டி. 224 (22), ஜான் டியர் 3028 இ.என். (28) எல்லாம் இந்த வரிசையில் வருபவை. ஒரே ஹெச்.பி. எழுதிய வண்டிகளுக்குள்ளும் எடை மாறும். அகலம், எடை, ஹைட்ராலிக் தூக்கும் அளவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். இரண்டு ஏக்கருக்குள், எல்லாம் சமத் தட்டுகள் என்றால் 15 ஹெச்.பி. வரிசையோ பவர் டில்லரோ போதும். நிலத்தில் பெரும்பகுதி 15 டிகிரிக்கு மேல் என்றால் டிராக்டரே வேண்டாம், நல்ல பவர் வீடரும் (நடந்தபடி ஓட்டும் களையெடுக்கும் இயந்திரம்) பிரஷ் கட்டரும் வாங்கி மிச்சப் பணத்தைப் பாதையில் போடுங்கள். 35 ஹெச்.பி.க்கு மேல் போனால் வண்டி நன்றாகத்தான் இழுக்கும், ஆனால் திரும்ப இடம் இருக்காது, கல்கட்டு தாங்காது.

வாங்கும் முன்

மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதிக்கப்பட்ட டிராக்டர்களுக்கு அறிக்கை உண்டு. பி.டி.ஓ. சக்தி, வெயிட் போட்டும் போடாமலும் இழுவை, பிரேக், திரும்பும் வட்டம் எல்லாம் அதில் அளந்து எழுதியிருப்பார்கள். டீலரிடம் அதைக் கேளுங்கள். நோட்டீஸில் உள்ளதைவிட அதுதான் நம்பத் தகுந்தது.

டெமோவை ஷோரூம் வாசலில் முடித்துக்கொள்ளாதீர்கள். வண்டியை உங்கள் நிலத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் வரைந்த தாளில் மோசமான அந்த ஒரு துண்டில், உங்கள் வழக்கமான பாரத்தில் பாதியோடு, கம்பெனி டிரைவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதலில் ஏறி, பிறகு இறங்கி, நடுவில் ஒருமுறை நிறுத்தி மறுபடி கிளப்பச் சொல்லிப் பாருங்கள். அவர் தயங்கும் இடத்தில் நீங்கள் ஒருபோதும் ஓட்டக் கூடாது.

மானியம் வேண்டுமென்றால் வேளாண் பொறியியல் துறை. சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் ஓர் உச்சவரம்புக்குள் தருகிறார்கள். அனுமதி ஆணை வரும் முன் வண்டியை எடுத்துவிடாதீர்கள், பணம் கிடைக்காது. அதே துறையில் இயந்திரங்கள் வாடகைக்கும் உண்டு, உழவன் செயலியில் பதிவு செய்யலாம். வருடத்தில் பத்து நாள் உழவுக்காக மட்டும் என்றால் வாடகையே மேல்.

வண்டி வந்த பிறகு முதல் ஒரு மாதம் டிரெய்லரை மாட்டாதீர்கள். சமமான தட்டில் லோ கியர், ஃபோர் வீல் லிவர், பிரேக் கொக்கி மூன்றும் கைக்குப் பழகட்டும். ஷெட்டுக்கு வெளியே நிறுத்தும்போது கருவியைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியரிலும் பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியரிலும் விட்டுவிட்டு இறங்குங்கள். டூல் பாக்ஸில் பலா மரத்தில் செதுக்கிய ஆப்புக்கட்டை இரண்டு எப்போதும் கிடக்கட்டும். இறங்கிய கையோடு அவற்றைப் பின்சக்கரத்துக்குக் கீழே, பள்ளப் பக்கமாக வைத்துவிட்டு அப்புறம் வீட்டுக்கு நடக்கலாம்.